நாள்பட்ட வயிற்றுப்போக்கு: காரணத்தைத் தேடிப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வயிற்றுப்போக்கு நாலு வாரத்தைத் தாண்டிவிட்டால் அதை ஹோட்டல் சாப்பாட்டின் தலையில் கட்டிவிட முடியாது. கெட்டுப்போன உணவாலோ கிருமியாலோ வரும் பேதி பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாக அடங்கிவிடும். இரண்டு வாரம் போனால் யோசிக்க வேண்டும். நாலு வாரம் ஆனால் மருத்துவக் கணக்கில் அது நாள்பட்ட வயிற்றுப்போக்கு. காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

நம்மூரில் அப்படி யாரும் தேடுவதில்லை. மருந்துக்கடையில் ‘லூஸ் மோஷன்’ என்று சொன்னதும் ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த மாத்திரை கைக்கு வந்துவிடும். ஐந்து நாள் போட்டால் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும். மறுபடி தொடங்கும். அடுத்த கிளினிக்கில் மெட்ரோனிடசோல், அதற்கடுத்த இடத்தில் வேறொன்று. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். ஒரே முகம் வருடத்தில் பல முறை அதே சின்ன மல சாம்பிள் டப்பாவோடு வந்து நிற்பதைப் பார்க்கிறேன். பணம் வீணாவதைவிட எனக்குப் பெரிய கவலை, தடயம் அழிந்துபோவதுதான். ஒட்டுண்ணி இருந்திருந்தால் அரைகுறை மருந்தில் மங்கிப்போய் சாம்பிளில் சிக்காது. குடல் காசநோய் இருந்தாலோ, ஓஃப்ளாக்சசின் வகை மருந்துக்கு அந்தக் கிருமியும் கொஞ்சம் அடங்கும். நோய் ஆறாது, கண்டுபிடிப்பதுதான் மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

அதனால் இந்த வழிகாட்டியில் மருந்துக்கு வேலை குறைவு. எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்ற வரிசைதான் விஷயம். இதில் பாதியை வீட்டிலேயே செய்யலாம். மீதிக்கு மருத்துவர் வேண்டும், முடிந்தால் குடல்நோய் மருத்துவர். பெரியவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்; குழந்தைகளுக்கான வழி வேறு.

வரிசையில் நிற்கக் கூடாதவர்கள்

கீழே சொல்லப்போகும் நிதானம் எல்லோருக்கும் பொருந்தாது. மலத்தில் ரத்தம், கருத்த மலம், முயற்சி எதுவும் இல்லாமல் எடை குறைவது (ஆறு மாதத்தில் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு என்றால் அது நிறைய), விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ரத்தசோகை, வயிற்றில் கட்டி போலத் தட்டுப்படுவது, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் பேதி: இவற்றில் ஒன்று இருந்தாலும் நாட்குறிப்பு, உணவுச் சோதனை என்று உட்கார்ந்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கியிருந்தாலும், அப்பா அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தாலும் அப்படித்தான்.

இதில் இரவு விஷயம் முக்கியமானது. பகல் முழுக்க எட்டு முறை போய்விட்டு இரவு நிம்மதியாகத் தூங்குகிறவருக்குக் குடல் பெரும்பாலும் புண்ணாகியிருக்காது. விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து ஓடுகிறவரை அப்படிச் சொல்ல முடியாது. மருத்துவர் கேட்காவிட்டாலும் இதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

அது வயிற்றுப்போக்குதானா?

வேடிக்கையான கேள்வியாகத் தோன்றும். ஆனால் இங்கேயே பாதை தவறுகிறவர்கள் உண்டு. தினம் மூன்று நாலு முறை கெட்டியாகவே போகிறவருக்கு இருப்பது வயிற்றுப்போக்கு இல்லை. கேட்க வேண்டியது மலம் எந்தப் பதத்தில் இருக்கிறது என்பதுதான். பிரிஸ்டல் அளவை என்று ஏழு படங்கள் உள்ள ஒரு அட்டவணையை மருத்துவர்கள் வைத்திருப்பார்கள். ஒன்று என்றால் ஆட்டுப் புழுக்கை மாதிரி, நாலு என்றால் வழுவழுப்பான நல்ல மலம், ஆறு என்றால் கூழ், ஏழு என்றால் தண்ணீர். ஆறும் ஏழும் அடிக்கடி வந்தால்தான் அது வயிற்றுப்போக்கு.

இன்னும் இரண்டு பேர் இந்தக் கூட்டத்தில் தவறுதலாகச் சேர்ந்துவிடுகிறார்கள். முதலாமவர், மலச்சிக்கல் முற்றிய முதியவர். உள்ளே கல்லாக இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் மட்டும் கசியும். வீட்டில் பேதி என்று நினைத்து நிறுத்தும் மாத்திரை கொடுப்பார்கள், நிலைமை இன்னும் மோசமாகும். மருத்துவர் ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். இரண்டாமவர், மலத்தை அடக்க முடியாதவர். பிரசவத்தில் தசை கிழிந்த பெண்கள், நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகள் பலருக்கு இது உண்டு. வெட்கத்தில் ‘பேதி’ என்று மட்டும் சொல்வார்கள். துணி நனைந்துபோகிறது என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொன்னால் தேடும் இடமே மாறும்.

இரண்டு வாரம் எழுதுங்கள்

ஒரு பழைய நோட்டு போதும். நேரம், பதம், சாப்பிட்டது, மாத்திரை, வலி, இரவில் எழுந்தீர்களா என்பது. இப்படி:

“செவ்வாய். காலை 5.40 தண்ணீர், அவசரம். 6.30 பால் காபி. 7.15 கூழ், உப்புசம், காற்று. 8.30 இட்லி, சாம்பார், சர்க்கரை மாத்திரை. 10.00 மறுபடி கூழ். மதியம் சோறு, ரசம், மோர். மாலை டீ, அப்புறம் உப்புசம். இரவு எதுவும் இல்லை.”

தொடக்கத்தில் இரண்டு கேள்விகளுக்கான பதிலையும் எழுதிவையுங்கள். இது எந்த மாதம் தொடங்கியது? அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் புதிதாக என்ன நடந்தது? புது மாத்திரை, அறுவை சிகிச்சை, ஆஸ்பத்திரியில் தங்கியது, வெளியூர்ப் பயணம், வீடு மாறியது, குடிதண்ணீர் மாறியது எல்லாமே இதில் சேரும். வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கிறதா என்பதையும் குறித்துவையுங்கள்; இருந்தால் தண்ணீரையும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணியையும் முதலில் சந்தேகப்படலாம்.

மருந்துப் பையைக் கொட்டுங்கள்

எல்லாப் படிகளிலும் செலவில்லாதது இதுதான், அதிகம் தாவிச் செல்லப்படுவதும் இதுதான். வீட்டில் இருக்கும் அத்தனை அட்டைகளையும் மேசையில் கொட்டி, ஒவ்வொன்றும் எப்போது தொடங்கியது என்று பழைய சீட்டைப் பார்த்து எழுதுங்கள். நாட்டு மருந்து, சூரணம், சத்து மாத்திரை, புரோட்டீன் பவுடர் எதையும் விட வேண்டாம்.

முதல் சந்தேகம் மெட்ஃபார்மின் மேல்தான். சர்க்கரைக்கு அருமையான மருந்து, ஆனால் குடலைக் கலக்கும். தொடங்கிய வாரத்தில்தான் வரும் என்றில்லை. அளவைக் கூட்டும்போதும், சிலருக்கு வருடக்கணக்கில் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகும் வரும். எங்கள் பெரியப்பா அமீபா என்று மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கியபோது, சர்க்கரை மாத்திரையின் அளவு கூடிய மாதமும் பேதி தொடங்கிய மாதமும் ஒன்றாக இருப்பதைப் பெரியம்மாதான் பார்த்துச் சொன்னார். டாக்டர் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றி அளவையும் குறைத்தார், அதோடு அடங்கியது. வோக்ளிபோஸ், அகார்போஸ் சேர்ந்த சர்க்கரை மாத்திரைகளில் சிக்கல் வேறு மாதிரி. அவை மாவுச்சத்து செரிப்பதைத் தடுக்கும். செரிக்காத சோறு பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, காற்றும் பேதியுமாக வெளியே வரும்.

அடுத்தது ஓல்மெசார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரை. இதைச் சாப்பிட்டுக் கடுமையான பேதியும் எடை இழப்புமாக வந்த 22 பேரைப் பற்றி அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2012ல் எழுதினார்கள். மறு வருடம் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது. மாத்திரை தொடங்கி மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரும் என்பதால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. சிறுகுடலின் உள்தோல் தேய்ந்து, பார்ப்பதற்கு, கோதுமை ஒத்துக்கொள்ளாமல் குடல் பழுதாகும் சீலியாக் நோய் போலவே இருக்கும். மாத்திரையை நிறுத்தினால் சரியாகும். எல்லோருக்கும் வருவதில்லை, அரிதுதான். ஆனாலும் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் கேட்டுவிடுவது நல்லது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: மெக்னீசியம் கலந்த அசிடிட்டி மருந்து, வருடக்கணக்கில் போடும் பான்டோபிரசோல் வகை, மூட்டுவலி மாத்திரைகள், கவுட் வாதத்துக்கான கோல்ச்சிசின், மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் வகை, அளவு கூடிய தைராய்டு மாத்திரை. அப்புறம் ‘வயிற்றைச் சுத்தம் செய்யும்’ சூரணம். அதில் பெரும்பாலும் நிலவாகை இருக்கும். அது பேதி மருந்தேதான். உடம்பு இளைக்கும் தேநீர்ப் பொடிகள் பலவற்றிலும் அது உண்டு. கடந்த மூன்று மாதத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால், குறிப்பாக ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால், குளோஸ்ட்ரிடியம் டிஃபிசைல் என்ற கிருமிக்கான மலப் பரிசோதனையைக் கேளுங்கள்.

எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பட்டியலை மருத்துவரிடம் கொடுத்து, “இதில் எதை மாற்றிப் பார்க்கலாம்?” என்று கேளுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் அந்தப் பட்டியலை நன்றியோடுதான் வாங்கிக்கொள்வார்கள்.

தட்டில் ஒவ்வொன்றாக

முதலில் பால். வளர்ந்த பிறகு பால் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் திறன் குறைவது தென்னிந்தியர்களில் பெரும்பாலோருக்கு இயல்பானது. அது நோய் கிடையாது. ஒரு தம்ளர் பாலைப் பலரும் தாங்குவார்கள். நாலைந்து வேளை டீ, காபி, மேலே ஒரு பால்கோவா என்று கூடும்போதுதான் சிக்கல். இரண்டு வாரம் பால், பால் டீ, பால் காபி, ஐஸ்கிரீம், பால் இனிப்பு, பால் பவுடர் கலந்த சத்துமாவு எல்லாவற்றையும் விடுங்கள். தயிரும் மோரும் புளித்தவை என்பதால் பலருக்கு ஒத்துக்கொள்ளும். இருந்தாலும் சோதனைக் காலத்தில் அவற்றையும் குறைப்பது நல்லது. குறைந்தால் அதோடு நின்றுவிடாதீர்கள். மறுபடி பாலைக் குடித்துப் பாருங்கள். திரும்ப வந்தால்தான் காரணம் பால். இந்த இரண்டாவது பாதியை ஏறக்குறைய எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அதனால் காரணமே இல்லாமல் காலத்துக்கும் பாலை ஒதுக்கி வாழ்கிறார்கள்.

அடுத்து சர்க்கரை இல்லாத இனிப்புகள். சார்பிட்டால், மால்டிட்டால், சைலிட்டால் என்று லேபிளில் இருந்தால் அவை குடலில் தண்ணீரை இழுக்கும். சர்க்கரை நோயாளிக்கு அன்போடு வாங்கிக் கொடுக்கும் ‘சுகர் ஃப்ரீ’ ஸ்வீட் டப்பாவில் அவை தாராளமாக இருக்கும். பழச்சாறு, தேன், மது, வெறும் வயிற்றுக் காபி ஆகியவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் எது குற்றவாளி என்று தெரியாது.

கோதுமையை மட்டும் இப்போது நிறுத்த வேண்டாம். சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் சரியாகக் காட்டும். அந்த நோய் வட இந்தியாவில் ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு உண்டு. தெற்கே அதைவிட மிகக் குறைவு. குறைவு என்பதற்காகப் பரிசோதிக்காமல் விடவும் கூடாது. முதலில் பரிசோதனை, தேவையானால் அப்புறம் சப்பாத்தியை நிறுத்தலாம்.

முதல் சுற்றுப் பரிசோதனை

மேலே சொன்னவற்றில் பிடிபடவில்லை என்றால் ரத்தமும் மலமும் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. வயிறு ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் குடலின் உள்தோல் தெரியாது. அது நார்மல் என்றால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாக ஆகாது.

ரத்தத்தில் கேட்க வேண்டியவை: ரத்த அணுக்கள் முழு எண்ணிக்கை, இஎஸ்ஆர், சிஆர்பி (இரண்டும் உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும்), அல்புமின், கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, டிஎஸ்எச் (தைராய்டுக்கு), ஃபெரிட்டின் (இரும்புச்சத்துக்கு), பி12, ஃபோலிக் அமிலம், டிடிஜி ஐஜிஏ (சீலியாக் நோய்க்கு), அதோடு மொத்த ஐஜிஏ அளவு, எச்ஐவி. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு யாரும் சங்கடப்பட வேண்டியதில்லை. நாள்பட்ட பேதிக்கு எல்லோரிடமும் பார்க்க வேண்டியது அது. மொத்த ஐஜிஏவைச் சேர்ப்பதற்குக் காரணம், அது உடம்பில் குறைவாக இருக்கிறவருக்கு டிடிஜி பரிசோதனை நோய் இருந்தும் ‘இல்லை’ என்று காட்டிவிடும்.

ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். ஈசினோஃபில் என்ற வெள்ளணுவின் எண்ணிக்கையையும் பாருங்கள். அது கூடியிருந்தால், வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களுக்குத் தோல் வழியாக ஏறும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு இருக்கலாம். அந்தப் புழு இருப்பது தெரியாமல் வேறு எதற்காகவோ ஸ்டீராய்டு கொடுத்தால் அது உடம்பெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகிவிடும். பி12, ஃபோலிக் அமிலம் இரண்டும் தாழ்ந்திருந்தால் சிறுகுடல் சத்தை உறிஞ்சவில்லை என்று சந்தேகிக்கலாம். பி12 மட்டும் தாழ்ந்திருந்தால், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் கோளாறு இருக்கலாம். வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிட்டதாலும் இருக்கலாம். சைவ உணவாலும் இருக்கலாம்.

மலப் பரிசோதனை என் துறை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்கே வரும் சாம்பிள்களில் பாதி பார்ப்பதற்கு முன்பே பயனற்றுப்போனவை. காலையில் எடுத்து, டப்பாவை ஸ்கூட்டர் பெட்டியில் வெயிலில் வைத்து, ஆபீஸ் போய்விட்டு மாலையில் கொண்டுவந்து கொடுப்பார்கள். உயிரோடு அசையும் ஒட்டுண்ணி அதற்குள் உருத்தெரியாமல் சிதைந்திருக்கும். தண்ணீராகப் போகும் மலம் அரைமணி நேரத்துக்குள்ளும், கூழானது ஒரு மணிக்குள்ளும் கூடத்துக்கு வர வேண்டும். சிறுநீரோ கழிப்பறைத் தண்ணீரோ கலக்கக் கூடாது. இந்தியக் கழிப்பறையில் இது சிரமம்தான். சுத்தமான பிளாஸ்டிக் தாளை விரித்து, அதிலிருந்து டப்பாவோடு வரும் கரண்டியால் எடுங்கள். சளியோ ரத்தமோ இருக்கும் பகுதியிலிருந்தே எடுக்க வேண்டும். சுத்தமாக இருக்கட்டும் என்று அதை ஒதுக்கிவிட்டு எடுக்கிறவர்கள் உண்டு. ஒரு நாள் சாம்பிள் போதாது. ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று கொடுத்தால்தான் ஜியார்டியா போன்றவை சிக்கும், ஏனென்றால் அவை தினமும் வெளியே வருவதில்லை. ஜியார்டியாவுக்கு ஆன்டிஜென் பரிசோதனை இருந்தால் இன்னும் நல்லது.

‘அமீபா சிஸ்ட் (ஓடு மூடிய உறங்குநிலை) உள்ளது’ என்ற ஒரு வரி ரிப்போர்ட்டை நம்பி வருடக்கணக்கில் மருந்து சாப்பிடாதீர்கள். நோய் தரும் அமீபாவின் சிஸ்டும், எந்தக் கெடுதலும் செய்யாமல் குடலில் குடியிருக்கும் அதன் சகோதர இனத்தின் சிஸ்டும் மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோலத்தான் தெரியும். என் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது, வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. சிவப்பணுவை விழுங்கிய அமீபா தெரிந்தாலோ, ஆன்டிஜென் அல்லது பிசிஆர் பரிசோதனை உறுதி செய்தாலோதான் அதை நம்பலாம்.

இந்தச் சுற்றில் காசு போட்டுச் செய்யத் தகுந்த இன்னொன்று ஃபீக்கல் கால்ப்ரொடெக்டின். குடலில் அழற்சி இருக்கிறதா என்று மலத்திலேயே சொல்லிவிடும். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடல் புண் இருக்க வாய்ப்பு குறைவு. 250க்கு மேல் போனால், ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே இருந்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எண் தானாகவே ஏறும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இங்கிருந்து பாதை மூன்றாகப் பிரிகிறது

ரத்தம், சளி, காய்ச்சல், ஏறிய சிஆர்பி, ஏறிய கால்ப்ரொடெக்டின் இருந்தால் கோளாறு அழற்சி வகை. கழிப்பறையில் மிதக்கும், தண்ணீர் ஊற்றினாலும் போகாத, எண்ணெய்ப் படலம் விடும், நாற்றம் அதிகமான மலம் என்றால் கொழுப்பு செரிக்கவில்லை அல்லது உறிஞ்சப்படவில்லை. வெறும் தண்ணீராகப் போய், பரிசோதனையெல்லாம் ஏறக்குறைய நார்மல் என்றால் மூன்றாவது பாதை.

அழற்சிப் பாதையில் அடுத்த படி கொலோனோஸ்கோபி. முந்தைய நாள் குடிக்கும் அந்த மருந்துத் தண்ணீர்தான் பலருக்கும் பயம். பரிசோதனை மயக்கத்தில் முடிந்துவிடும். போகும் முன் இரண்டு விஷயங்களைக் கேட்டு உறுதி செய்யுங்கள். ஒன்று, பெருங்குடலோடு நிற்காமல் சிறுகுடலின் கடைசிப் பகுதியான டெர்மினல் இலியம் வரை பார்ப்பார்களா? இரண்டு, உள்தோல் நார்மலாகத் தெரிந்தாலும் பயாப்சி, அதாவது ஆய்வுக்குச் சின்னச் சதைத் துண்டு, எடுப்பார்களா? ரிப்போர்ட்டில் இந்த இரண்டும் இல்லையென்றால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

இலியமும் பெருங்குடலின் தொடக்கமான சீக்கமும் சேரும் இடத்தில் புண் தெரிந்தால் நம் நாட்டில் உடனே எழும் கேள்வி, இது குடல் காசநோயா, நாள்பட்ட குடல் அழற்சியான குரோன்ஸ் நோயா என்பது. இரண்டும் ஒரே இடத்தில் வரும். இரண்டிலும் எடை குறையும், காய்ச்சல் வரும், குடல் சுருங்கும். மருத்துவமோ நேர்எதிர். குரோன்ஸுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. அதைக் காசநோய் உள்ளவருக்குக் கொடுத்தால் கிருமி பரவும். அதனால் பயாப்சியைத் திசு ஆய்வுக்கு மட்டும் அனுப்பினால் போதாது. காசநோய்க் கிருமி வளர்ப்புக்கும், அந்தக் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனைக்கும் தனித் துண்டு போக வேண்டும். வளர்ப்புக்குப் போகும் துண்டை ஃபார்மலினில் போடக் கூடாது, சலைனில்தான் அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் விழுந்தால் கிருமி செத்துவிடும், அப்புறம் எதுவும் வளராது. மார்பு எக்ஸ்ரே, குடலுக்கான சிடி ஸ்கேன் ஆகியவையும் கை கொடுக்கும்.

இத்தனைக்குப் பிறகும் உறுதி கிடைக்காத நேரம் உண்டு. அப்போது அனுபவமுள்ள மருத்துவர்கள் காசநோய் மருந்தைத் தொடங்கி, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கொலோனோஸ்கோபி செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆறினால் காசநோய், ஆறாமலே இருந்தால் குரோன்ஸ் பக்கம் யோசிப்பார்கள். அந்த இரண்டாவது கொலோனோஸ்கோபிக்குப் போகாமல் விட்டுவிடாதீர்கள். ‘பேதி குறைந்துவிட்டது’ என்பது மட்டும் ஆதாரமாகாது. காசநோய் மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

கொழுப்புப் பாதையில் முதலில் கணையம், அப்புறம் சிறுகுடல். சாப்பிட்டதும் முதுகுக்குப் பாயும் மேல்வயிற்று வலி வருடக்கணக்கில் இருந்து, இளவயதிலேயே சர்க்கரையும் வந்து, இப்போது எண்ணெய் மலமும் என்றால் நாள்பட்ட கணைய அழற்சியைத் தேடுவார்கள். மது குடிக்காதவர்களுக்கும் வரும் ஒரு வகை கேரளத்திலும் தமிழகத்திலும் நெடுங்காலமாக அறியப்பட்டது; கணையத்தில் கல் படிந்திருப்பது சாதாரண எக்ஸ்ரேயிலேயே சிலருக்குத் தெரியும். மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய என்சைமின் அளவு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் கணையம் சுரக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். ஆனால் தண்ணீராகப் போன மலத்தில் பார்த்தால் நீர்த்துப்போய்ப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். கொஞ்சமாவது கெட்டியான சாம்பிள் கிடைக்கும் நாளில் கொடுங்கள்.

சிறுகுடலைப் பார்க்க, வாய் வழியாகக் குழாய் விடும் எண்டோஸ்கோபி. இரைப்பையைத் தாண்டி, சிறுகுடலின் தொடக்கமான டியோடினத்தின் இரண்டாம் பகுதியில் குறைந்தது நாலு துண்டு பயாப்சி. அதில் ஜியார்டியா, சீலியாக், ஓல்மெசார்டன் பாதிப்பு, டிராபிகல் ஸ்ப்ரூ எல்லாவற்றுக்கும் தடயம் கிடைக்கலாம். டிராபிகல் ஸ்ப்ரூ நம் மண்ணோடு தொடர்புள்ள நோய். 1960களில் வேலூரைச் சுற்றிய கிராமங்களில் அது கொள்ளைநோய் போலவே பரவியது; சி.எம்.சி. மருத்துவமனையில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாதனும் செய்த ஆய்வுகளை உலகம் இன்றும் மேற்கோள் காட்டுகிறது. இப்போது குறைந்துவிட்டது, ஒழிந்துவிடவில்லை. நாக்கு புண்ணாகி, பி12ம் ஃபோலிக் அமிலமும் தாழ்ந்து, இளைத்துக்கொண்டே போகிறவருக்கு, மற்ற காரணங்களை நீக்கிய பின் இதை நினைக்க வேண்டும். டெட்ராசைக்ளின் வகை மருந்தும் ஃபோலிக் அமிலமும் சில மாதம் கொடுத்தால் உடம்பு தேறிவிடும். இவ்வளவு எளிதாகக் குணமாகக்கூடிய நோயைப் பெயர் தெரியாமல் சுமப்பது கொடுமை.

மூன்றாவது, தண்ணீர்ப் பாதை. பித்தப்பை எடுத்தவரா? சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்தவரா? அப்படியானால் பித்த உப்பு பெருங்குடலுக்கு வழிந்து பேதியை உண்டாக்கலாம். அறுவை சிகிச்சை எதுவும் இல்லாமலும் இது வரும். ஐபிஎஸ் (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், பரிசோதனையில் பழுது தெரியாத குடல் கோளாறு) பேதி வகை என்று பெயர் வைக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ கால் பங்கினருக்கு உண்மைக் காரணம் இதுதான். வெளிநாட்டில் இதற்கென்று தனி ஸ்கேன் உண்டு. இங்கே பெரும்பாலும் கொலஸ்டிரமின் பொடியைச் சில வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள்; பேதி அதற்குக் கட்டுப்பட்டால் நோய் அதுதான். அந்தப் பொடி மற்ற மாத்திரைகளையும் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால், மற்ற மாத்திரைகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ, நாலைந்து மணி நேரம் பின்போதான் போட வேண்டும்.

ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு மைக்ராஸ்கோபிக் கொலைட்டிஸ் என்று ஒன்று வரும். கொலோனோஸ்கோபியில் குடல் பளிச்சென்று நார்மலாக இருக்கும், பயாப்சியில்தான் நோய் தெரியும். முன்பு ‘நார்மலாக இருந்தாலும் பயாப்சி’ என்று சொன்னது இதற்காகத்தான். தைராய்டு அதிகச் சுரப்பு, நீண்டகாலச் சர்க்கரையால் குடல் நரம்பு தளர்வது, அதைத் தொடர்ந்து சிறுகுடலில் பாக்டீரியா பெருகுவது ஆகியவையும் இந்தப் பாதையில் வரும்.

எல்லாம் நார்மல் என்றால்

இரத்தம், மலம், கால்ப்ரொடெக்டின், டிடிஜி எல்லாம் நன்றாக இருந்து, அபாயக் குறிகளும் இல்லையென்றால் ஐபிஎஸ் என்று சொல்வார்கள். அதற்கும் விதி உண்டு. 2016ல் வந்த ரோம் அளவுகோலின்படி, கடைசி மூன்று மாதமாக வாரத்தில் ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும்; அது மலம் கழிப்பது, எண்ணிக்கை மாறுவது, பதம் மாறுவது ஆகிய மூன்றில் இரண்டோடாவது சேர்ந்து வர வேண்டும்; தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வலியே இல்லாதவருக்கு ஐபிஎஸ் என்ற பெயர் பொருந்தாது.

‘ஒன்றுமில்லை, மனசுதான்’ என்று யாராவது சொன்னால் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கடுமையான வயிற்றுக் கிருமித் தொற்றுக்குப் பிறகு குடல் மாதக்கணக்கில் கூச்சத்தோடு இருப்பது உண்மையான உடல் கோளாறு. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபோட்மேப் உணவுமுறை பலருக்கு உதவுகிறது. வெங்காயம், பூண்டு, கொண்டைக்கடலை, கோதுமை, பால் என்று நம் சமையலின் பாதி அந்தத் தடைப் பட்டியலில் இருப்பதால் உணவு ஆலோசகர் இல்லாமல் இறங்காதீர்கள். நாலு முதல் ஆறு வாரம்தான் தடை. அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது ஒத்துவரவில்லை என்று பார்க்க வேண்டும்.

ஐபிஎஸ் என்ற பெயர் கிடைத்த பிறகு எடை குறைந்தாலோ, ரத்தம் வந்தாலோ, இரவில் எழுப்பினாலோ அந்தப் பெயரை ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தேடும் நாட்களில்

ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்; உலக சுகாதார நிறுவன அளவுப்படி அந்தப் பொட்டலம் 20.5 கிராம் இருக்கும். பாதிப் பொட்டலத்தை ஒரு தம்ளரில் கலக்கிக் குடிப்பது கெடுதல். டெட்ரா பேக்கில் வரும் இனிப்புப் பானம் ஓஆர்எஸ் ஆகாது. சர்க்கரை அதிகமானால் பேதியும் அதிகமாகும். பேதியை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரை பயணத்துக்கு உதவும், ஆனால் காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் தொடவே கூடாது. நீர் பிரியும் மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்கு பேதி கடுமையாகும் நாளில் சிறுநீரகம் அடிவாங்கலாம். அந்த நாட்களில் எதை நிறுத்திவைக்கலாம் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் பிடிபடவில்லையா?

அப்போது பெரிய மருத்துவமனையில் சேர்ந்து பார்க்க வேண்டியிருக்கும். அங்கே மேற்பார்வையில் ஒரு நாள், இரண்டு நாள் உணவை நிறுத்திப் பார்ப்பார்கள். சாப்பிடாதபோது நின்றால் உணவோ மருந்தோ தண்ணீரை இழுக்கிறது. நிற்காவிட்டால் குடலே சுரக்கிறது. மலத்தின் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கி 290லிருந்து கழிக்கும் ஒரு கணக்கும் இதையே சொல்லும்: 50க்குக் கீழே என்றால் சுரப்பு, 100க்கு மேலே என்றால் இழுப்பு. ஹார்மோன் சுரக்கும் அரிய கட்டிகளைத் தேடுவது இந்தக் கட்டத்தில்தான். முதல் வாரத்திலேயே இணையத்தில் படித்துவிட்டு அவற்றைக் கேட்டு வருகிறவர்களுக்கு வீண் செலவுதான் மிஞ்சும்.

புது மருத்துவமனைக்குப் போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. பழைய பயாப்சியின் கண்ணாடி ஸ்லைடுகளும், திசுவைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டிகளும் பரிசோதனைக் கூடத்தில் பத்திரமாக இருக்கும். நோயாளி எழுதிக் கேட்டால் கொடுக்க வேண்டியவை அவை. வேறொரு திசு நிபுணர் அவற்றை மறுபடி பார்த்தாலே பதில் கிடைத்துவிடுவதுண்டு. இன்னொரு கொலோனோஸ்கோபிக்கு அவசியம் இருக்காது. ரிப்போர்ட்டின் மேல்மூலையில் இருக்கும் பயாப்சி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், தேடி எடுக்க எங்களுக்கு அது போதும்.